‘தரிக்கிறது எண்டா என்ன?’ சாரதிப் பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்காக ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருகோணமலை பாலையூற்றில் இருந்து எழுதுகிறேன். எனக்கு வயது 46. வீட்டு விறாந்தையில் இரண்டு தையல் மெசின் போட்டு, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையும் சாரிக்குப் பிளவுஸும் தைத்துக் கொடுப்பது என் தொழில். போன மாதம் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்தேன். பழகுநர் அனுமதிப்பத்திரம் இப்போது என் கைப்பைக்குள் இருக்கிறது. ஓ/எல் எழுதி 30 வருடம் கழித்துப் பரீட்சைக்கென்று உட்கார்ந்து படித்தவள் நான். அந்தப் படிப்பில் எது கைகொடுத்தது, எது வழி மாற்றிவிடப் பார்த்தது என்பதை மறக்க முன்னம் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். கடைசியில் உங்கள் பத்திரிகையிடம் ஒரு உதவியும் கேட்கப்போகிறேன்.

என் கணவர் 19 வருடம் ஓட்டோ ஓட்டியவர். பஸ் நிலையத்தடி, ஆஸ்பத்திரியடி, உப்புவெளி, நிலாவெளி என்று அவர் போகாத ஒழுங்கை கிடையாது. சீனி வருத்தம் அவருடைய கண்ணைப் பிடித்துவிட்டது. இரண்டு தடவை லேசர் அடித்தும் இடது கண் தெளியவில்லை. “இனி ஓடாதீங்கோ” என்று டொக்டர் சொன்ன அன்று பின்னேரம், ஓட்டோவைக் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் விட்டு, தறப்பாளால் மூடி, நாலு மூலைக்கும் கல் வைத்தார். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலாவது கல்லை வைத்த பிறகும் அவர் அந்த இடத்தை விட்டு எழும்பவில்லை.

அதற்குப் பிறகு கிளினிக் நாளில் வேறு ஆளின் ஓட்டோவுக்குக் காசு கொடுத்துப் போனோம். தைத்த உடுப்புகளை உரப்பையில் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். எட்டு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் தறப்பாளைத் தூக்கிப் பார்த்தால், எலி சீற்றைக் கடித்துப் பஞ்சை வெளியே இழுத்துப் போட்டிருந்தது. அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன், “நான் பழகப்போறன்.”

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ் என்று திரிந்த கதையை விரிக்கத் தேவையில்லை, அது எல்லோருக்கும் உள்ளதுதான். எழுத்துப் பரீட்சை 40 வினாக்கள், ஒரு மணித்தியாலம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் எதிலும் எழுதலாம். சித்தியடைந்தால் பழகுநர் அனுமதிப்பத்திரம் கிடைக்கும். பிறகு மூன்று மாதமாவது பழகித்தான் ட்ரயலுக்கு, அதாவது வாகனத்தை ஓடிக்காட்டுகிற பரீட்சைக்குப் போகலாம். ட்ரயலைப் பற்றித்தான் எல்லோரும் கதைப்பார்கள். ரிவர்ஸ் எடுத்த கதை, மேட்டில் நிப்பாட்டி எடுத்த கதை என்று வீட்டுக்கு ஒன்று இருக்கும். எழுத்துப் பரீட்சையை மட்டும் ஒரு நாள் வேலையாகவே பார்க்கிறார்கள். என் கவலை அதில்தான்.

ஒரு லேனர்ஸில், அதாவது சாரதிப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். கற்பித்தவர் நல்ல மனிதர். ஒரே அறையில் 30 பேரை வைத்துக்கொண்டு அவரால் முடிந்தது அவ்வளவுதான். முதல் நாளே ஒரு போட்டோக்கொப்பிக் கட்டுத் தந்தார்கள். 300 கேள்விக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடையைச் சுற்றிப் பேனையால் வட்டம் போட்டிருந்தது. கொப்பியில் இருந்து கொப்பி, அதில் இருந்து இன்னொரு கொப்பி என்று எடுத்து எடுத்து, சில பக்கத்தில் ‘ர’வும் ‘ா’வும் பிரித்தறிய முடியாது. வீதிக் குறியீடுகள் எல்லாம் ஒரே கறுப்பு. அதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது. குறியீட்டில் பாதி விசயத்தைச் சொல்வது நிறம். சிவப்பு வளையம் என்றால் ‘செய்யாதே’. நீல வட்டம் என்றால் ‘இப்படித்தான் செய்’. மஞ்சள் சாய்சதுரம் என்றால் ‘முன்னுக்கு ஆபத்து இருக்கு, கவனம்’. இந்த மூன்றையும் ஒரு தரம் நிறத்தோடு காட்டியிருந்தால், அரைவாசிப் படங்களைப் பார்த்தவுடனேயே எந்த வகை என்று சொல்லியிருப்பேன். நூல் கண்டுகளை நிறம் பார்த்து எடுத்துப் பழகிய கை என்னுடையது. அந்தக் கறுப்புப் படங்களை வைத்துக்கொண்டு நான் தடுமாறிவிட்டேன்.

ஒரு நாள் கேட்டேன், “சேர், இது ஏன் இந்த விடை?”

“அக்கா, ஒவ்வொண்டுக்கும் ஏன் எண்டு கேட்டால் முடியாது. பாடமாக்குங்கோ. கேள்வியிலை முதல் சொல்லைப் பாருங்கோ, விடையிலை முதல் சொல்லைப் பாருங்கோ. காணும்.”

சரி என்று பாடமாக்கினேன். மெசினுக்கு மேலே சுவரில் தாள்களை ஒட்டிவைத்து, தைக்கத் தைக்க வாசித்தேன். காலை 4 மணிக்கு எழும்பி, இடியப்ப மாக் குழைக்கும்போதும் வாய்க்குள் விடை ஓடும். ஒரு மாதத்தில் 200 கேள்வி மனப்பாடம்.

அப்புறம் ஒரு இரவு மகள் அந்தக் கேள்விக் கட்டை வைத்துக்கொண்டு கேட்க, நான் விடை சொல்லிக்கொண்டிருந்தேன். கணவர் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நித்திரை என்று நினைத்தோம். ‘சுற்றுவட்டத்தினுள் நுழையும் சாரதி எப்பக்கத்தால் வரும் வாகனத்துக்கு வழிவிட வேண்டும்?’ என்று மகள் வாசித்தாள். ‘இடப்பக்கம்’ என்றேன். அவர் எழும்பி உட்கார்ந்துவிட்டார்.

“ஆர் சொன்னது?”

“கட்டிலை வட்டம் போட்டிருக்கு.”

“அந்த வட்டத்தை நம்பி ஓடினால் முதல் நாளே ஆரையாவது அடிச்சுப்போடுவாய். வலப்பக்கத்தாலை வாறவனுக்குத்தான் வழி விட வேணும்.”

ஏன் என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. 19 வருடம் கையும் காலும் செய்த காரியம் அது. வாய்க்கு வர மறுத்தது. “அது அப்படித்தான்” என்றார். எனக்கு அன்றைக்கு ‘அப்படித்தான்’ போதவில்லை. வெட்டு மேசைக்குப் போனேன். சோக்கால் ஒரு வட்டமும் அதற்கு நாலு பக்கமும் நாலு ரோட்டும் கீறினேன். கோட்டுக்குத் தைக்கிற பெரிய கறுப்புப் பொத்தான் நான். சட்டைப் பொத்தான்கள் மற்ற வாகனங்கள். எங்கள் நாட்டில் இடப்பக்கமாக ஓடுகிறோம். ஆகவே வட்டத்துக்குள் போகிற எல்லோரும் இடப்பக்கம் திரும்பி, மணிக்கூட்டு முள் போகிற பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். பொத்தான்களை அப்படியே நகர்த்திப் பார்த்தேன். நாலு ரோட்டில் எந்த ரோட்டால் நான் வந்தாலும், வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கிற பொத்தான் என் வலக்கைப் பக்கமாகவே வந்து என் மூக்குக்கு முன்னால் நின்றது. இடப்பக்கம் இருந்ததெல்லாம் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தவை. கணவர் குனிந்து, நல்ல கண்ணைக் கிட்ட வைத்துப் பார்த்தார். “ஓம், இதைத்தான் சொன்னனான்” என்றார்.

அந்த விடையை அதற்குப் பிறகு நான் ஒரு தரமும் பாடமாக்கவில்லை. கட்டில் ‘வலது’ எப்படி ‘இடது’ ஆனது என்று தெரியாது. மொழிபெயர்த்தவர் பிழையா, வட்டம் போட்டவர் பிழையா, யாருக்குத் தெரியும்? அந்தக் கட்டை வைத்துப் படித்த 30 பேரும் அதே பிழையோடுதானே பரீட்சைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தபோது எனக்குப் பயம் வந்தது. பரீட்சையில் ஒரு புள்ளி போனால் போகட்டும். அந்தப் பிழையை நம்பி ஒருவர் ரோட்டுக்கு இறங்கினால்?

அன்று இரவோடு படிக்கிற முறையை மாற்றினேன். கட்டில் பத்துக் கேள்வி எடுப்போம். மகள் வாசிப்பாள், நான் விடை சொல்வேன், கணவர் ஏன் என்று சொல்ல வேண்டும். அவருக்குச் சொல்ல வராவிட்டால் மேசையில் கீறுவோம். ‘சிக்னல் லைட் பச்சை, ஆனால் நடுவில் நிற்கிற பொலிஸ்காரர் கையைக் காட்டி மறிக்கிறார், எதைக் கேட்பது?’ பொலிஸ்காரரை. ஏனென்றால் பின்னால் அம்புலன்ஸ் வருவது லைட்டுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். ‘ரயில் கடவைக்கு மேலே கியர் மாற்றலாமா?’ மாற்றக்கூடாது. தம்பலகாமத்துப் பக்கம் ஒரு கடவையில் தன் ஓட்டோ தண்டவாளத்துக்கு நடுவே நின்றுபோய், பின்னால் இருந்த அம்மாவும் பிள்ளையும் இறங்கித் தள்ளிய கதையை அவர் அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். கலியாணம் முடித்து 22 வருடம், அதுவரை என்னிடம் சொன்னதில்லை.

அதைவிட என்னை உலுக்கியது வேகக் கேள்வி. காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஊருக்குள்ளே மணிக்கு 50 கிலோமீற்றர், ஊருக்கு வெளியே 70. ஓட்டோவுக்கு 40. இந்த மூன்று எண்ணும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் 50 என்றால் எவ்வளவு என்று மகனிடம் கேட்டேன். அவன் ஏ/எல் கணிதம் படிக்கிறான். 50,000 மீற்றரை 3,600 செக்கனால் பிரித்து, “ஒரு செக்கனுக்கு கிட்டத்தட்ட 14 மீற்றர், அம்மா” என்றான். என்னிடம் இருக்கிற அளவு நாடா 150 சென்ரிமீற்றர். அதை எடுத்துக்கொண்டு ஒழுங்கைக்கு இறங்கினோம். எங்கள் படலையில் இருந்து ஒன்று, இரண்டு என்று வைத்து வைத்துப் போனோம். ஒன்பது நாடாவும் மூன்றில் ஒரு பங்கும். பக்கத்து வீட்டு முருங்கை மரத்தடி வந்துவிட்டது.

ஒரு பிள்ளை ரோட்டுக்கு ஓடி வருவதைக் கண்டு, மூளைக்கு எட்டி, காலைத் தூக்கிப் பிறேக்கில் வைக்க ஒரு செக்கன் போகும். அந்த ஒரு செக்கனில் வண்டி படலையில் இருந்து முருங்கை வரைக்கும் போய்விடும். பிறேக் அதற்குப் பிறகுதான் பிடிக்கத் தொடங்கும். 70இல் என்றால் 13 நாடா. ஓட்டோவின் 40இலும் ஏழு நாடாவுக்கு மேலே. அதோடு, வேகம் இரட்டித்தால் பிறேக் பிடித்து நிற்கிற தூரம் நாலு மடங்கு ஆகும் என்று மகன் சொன்னான். அதை அளக்க எங்கள் ஒழுங்கை காணாது. நான் முருங்கை மரத்தடியில் நின்று படலையைத் திரும்பிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சின்னவன், நாலு வயது, பின்னேரத்தில் அந்த இடைவெளிக்குள்தான் ரயர் உருட்டிக்கொண்டு ஓடுவான். 50 என்ற எண் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

முன்னால் போகிற வண்டிக்கும் எங்களுக்கும் இரண்டு செக்கன் இடைவெளி விட வேண்டும் என்பதையும் இப்படித்தான் பழகினேன். பஸ்ஸில் போகும்போது, முன்னால் போகிற லொறி ஒரு மின்கம்பத்தைத் தாண்டியதும் ‘ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு’ என்று மனதுக்குள் எண்ணுவேன். எண்ணி முடிக்க முன்னம் எங்கள் பஸ் அந்தக் கம்பத்தைத் தாண்டினால், கிட்டப் போகிறோம் என்று அர்த்தம். மழைக்கு அந்த இடைவெளியை இரட்டிப்பாக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் எங்கள் பக்கம் மழை எப்படிக் கொட்டும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நேரம் கண்டி வீதியில் எத்தனை பேர் இரண்டு செக்கனாவது விடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி எங்கள் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதம்.

பரீட்சை அன்று காலை மண்டபத்துக்கு வெளியே மரத்தடியில் காத்திருந்தோம். பக்கத்தில் கிண்ணியாவில் இருந்து வந்த ஒரு நானா. 55 வயது மட்டில் இருக்கும். வெள்ளைச் சேர்ட்டு, அயர்ன் பண்ணிய சாரம். வயலுக்குள் உழவு மெசின் பிடித்துப் பழகியவர். மூன்றாம் தடவையாக எழுத வந்திருந்தார். அவர் கையிலும் என்னுடையதைப் போல ஒரு கட்டு. எழுத்துக்குக் கீழே விரலை வைத்து, உதட்டை அசைத்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“தங்கச்சி, ஒண்டு கேக்கணும். தரிக்கிறது எண்டா என்ன, நிறுத்துறது எண்டா என்ன? ரெண்டும் ஒண்டுதானே?”

நான் சொன்னேன், “இல்லை நானா. ஆளை இறக்கிப்போட்டு உடனே போனால் நிறுத்துறது. வண்டியை விட்டுப்போட்டு, திறப்பையும் எடுத்துக்கொண்டு, கடைக்குள்ளை போய்த் தேத்தண்ணி குடிச்சால் அது தரிக்கிறது.”

அவர் யோசித்தார். “அப்ப பஸ் தரிப்பிடம் எண்டு பலகை போட்டிரிக்கே. அங்க பஸ் ஆளை ஏத்திட்டு உடனே போகுதே, அது என்ன?”

அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. அவர் கேட்டது முழுக்க நியாயம். எனக்குப் பதில் வரவில்லை. பஸ் ஒரு நிமிடம் நிற்கிற இடமும் தரிப்பிடம். கார்களைப் பூட்டிவிட்டுப் போகிற இடமும் வாகனத் தரிப்பிடம். ஒரே சொல்லை இரண்டு கருத்துக்கும் வைத்துக்கொண்டு, பிறகு கேள்வித்தாளில் ‘தரித்தல்’ வேறு ‘நிறுத்துதல்’ வேறு என்றால், அந்த மனிதர் எங்கே போய்க் கேட்பார்? நாங்கள் வீட்டில் தரிக்கிறோம் என்று சொல்வதே இல்லை. ‘வண்டியை விட்டிட்டு வாறன்’ என்போம். ‘நிப்பாட்டுங்கோ, இறங்கப்போறன்’ என்போம். எங்கள் வாயில் விடுவதும் நிப்பாட்டுவதும் தெளிவாக இரண்டுதான். எழுத்துக்கு வரும்போதுதான் குழம்புகிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். அது வந்தபோது என் அம்மாவே பிறக்கவில்லை. சட்டத்துக்குச் சட்டத் தமிழ் வேண்டும், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சொல்லுக்கும் எங்கள் சொல்லுக்கும் இடையில் ஒரு பாலம் போட யாராவது வேண்டும். ‘முந்திச் செல்லல்’ என்றால் ஓவர்டேக், ‘பாதசாரிக் கடவை’ என்றால் மஞ்சள் கோடு, ‘பழகுநர்’ என்றால் எல் போட் போட்டு ஓடுகிற ஆள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். படித்த பிள்ளைகளுக்கு இது தேவையில்லாமல் இருக்கலாம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்களும்தான் ரோட்டில் ஓடப்போகிறார்கள். அவர்களை யோசிக்க வேண்டும்.

பரீட்சை முடிந்து வெளியே வந்தபோது நானா மரத்தடியில் நின்றார். “நேரம் காணல்ல தங்கச்சி. கடைசிப் பத்தும் வாசிக்கவே இல்ல” என்றார். கட்டைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு கிண்ணியா பஸ்ஸுக்குப் போனார். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும் மட்டும், துறையடியில் ‘பாதை’ என்கிற மிதவைப் படகுக்குக் காத்து நின்று கரை கடந்த தலைமுறை அவர். இப்போது அதே இடத்தை 396 மீற்றர் பாலத்தால் ஒரு நிமிடத்துக்குள் கடக்கிறோம். மட்டக்களப்பு வரைக்கும் காபெற் ரோட்டு. நிலாவெளி, குச்சவெளிப் பக்கமும் அப்படித்தான். என் சின்ன வயதில் அந்த ரோட்டுகளில் கிடங்கு பார்த்து ஊர்ந்து போன வாகனங்கள் இன்றைக்குப் பறக்கின்றன. ரோட்டைப் போட்டுத் தந்துவிட்டார்கள். அதில் எப்படிப் போவது என்பதை மட்டும் இன்னும் மங்கின போட்டோக்கொப்பியில் இருந்து படித்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. ‘விலங்குகள் குறுக்கிடும் இடம்’ என்ற குறியீட்டை என் கட்டில் ஒரே ஒரு கேள்வியோடு விட்டுவிட்டார்கள். எங்கள் ஊரில் அது ஒரு கேள்வியோடு முடிகிற விசயமா? கோட்டையடியில், கடற்கரைப் பக்கம், பஸ் நிலையத்துக்குக் கிட்ட எல்லாம் மான் திரியும். கணவர் இதைத் தன் வாயால் சொல்லித் தந்தார். இரவில் லைட் பட்டால் மானின் கண் மினுங்கும். அது லைட்டைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும். உடனே வேகத்தைக் குறைத்து, லைட்டைத் தாழ்த்த வேண்டும். கோர்ன் அடித்து வெருட்டினால் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. ஒரு மான் கடந்துவிட்டது என்று வண்டியை எடுக்கவும் கூடாது. பின்னால் இன்னொன்று வரலாம், அநேகமாகக் குட்டி. ரோட்டில் படுத்துக் கிடக்கிற மாடு அப்படி இல்லை. அது எழும்பாது. நாங்கள்தான் சுற்றிப் போக வேண்டும், சுற்றிப் போக முன்னம் எதிர்ப்பக்கம் யார் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஹபரணை தாண்டி கந்தளாய்க்கு வருகிற பாதையில் யானை நின்றால், தூரத்திலேயே நின்றுவிடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. இதெல்லாம் எந்தக் கட்டிலும் இல்லை. எங்கள் ஊரில் பஸ் ஓடியவர்கள், ஓட்டோ ஓடியவர்கள், அம்புலன்ஸ் ஓடியவர்கள் மனதில் இருக்கிறது. அவர்களில் பாதிப் பேர் என் கணவரைப் போல வீட்டில் இருக்கிறார்கள்.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது இதுதான். வாரத்தில் ஒரு நாள், உங்கள் பத்திரிகையில் கால் பக்கம் இதற்காக ஒதுக்குங்கள். நிறத்தில் அச்சடிக்கிற பக்கமாக இருக்க வேண்டும். ஒரு வீதிக் குறியீடு, ஒரு விதி, அந்த விதி ஏன் வந்தது என்று நாலு வரி, அதில் வருகிற கடினமான ஒரு சொல்லுக்கு நாங்கள் கதைக்கிற தமிழில் விளக்கம். அவ்வளவு போதும். சலூனிலும் தேத்தண்ணிக் கடையிலும் பத்திரிகையை ஒருவர் சத்தமாக வாசிக்க நாலு பேர் கேட்கிற பழக்கம் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. விரல் வைத்து வாசிக்கிறவர்களுக்கும் அப்படிப் போய்ச் சேரும். வாசகர்கள் தங்கள் கட்டில் சந்தேகப்படுகிற கேள்விகளை அனுப்பட்டும். சரியான விடையை, சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டி உறுதிப்படுத்திய பிறகு போடுங்கள். ஓய்வு பெற்ற ஒரு பஸ் சாரதியையும் ஒரு தமிழ் ஆசிரியரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து அந்தக் கால் பக்கத்தை எழுதச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

லேனர்ஸ் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சித்தியடைய வைப்பதற்குத்தான் ஆட்கள் காசு கட்டுகிறார்கள் என்பதும் தெரியும். ஆனாலும் குறியீட்டுப் பக்கங்களை மட்டுமாவது நிறத்தில் எடுத்துக் கொடுங்கள். விடைகளை வருடத்தில் ஒரு தரம் ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்கட்டும். பிள்ளைகள் ‘ஏன்’ என்று கேட்டால் ஐந்து நிமிடம் மறுமொழி சொல்லுங்கள். மேசையும் சோக்கும் நாலு பொத்தானும் இருந்தால் போதும்.

என் விறாந்தையில் இப்போது ஞாயிறு பின்னேரங்களில் நாலு பெண்கள் வந்து படிக்கிறார்கள். இரண்டு பேர் ஸ்கூட்டிக்கு, ஒரு பிள்ளை காருக்கு, ஒரு மாமி உண்மையில் தன் மகனை ஒழுங்காக ஓட வைக்கத் தனக்கு விதி தெரிய வேண்டும் என்பதற்காக வருகிறார். வெட்டு மேசையில் சோக்குக் கோடு அழியாமல் கிடக்கிறது. கணவர் கதிரையில் இருந்துகொண்டு ‘ஏன்’ சொல்கிறார். முதலில் சொல்ல வராமல் திக்கியவர் இப்போது சும்மா விடுகிறார் இல்லை. தைக்கிற வேலைதான் கொஞ்சம் பிந்துகிறது.

விடியற்காலை ஐந்தரைக்கு, எல் போட் கட்டி, வீட்டுக்குக் கிட்ட உள்ள வெளியில் நான் ஓட்டோ பழகுகிறேன். லைசன்ஸ் உள்ள என் தம்பி பின்னால் இருந்து சொல்லித் தருகிறான். கணவரும் அவன் பக்கத்தில் இருப்பார். அவருக்கு வெளி சரியாகத் தெரியாது, என்ஜின் சத்தத்தை வைத்தே, “இப்ப மூண்டாம் கியர் கேக்குது, குடு” என்பார். ட்ரயலுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

கால் பக்கம் தருவது என்று முடிவு செய்தால், முதல் வாரத்துக்குத் தரித்தலையும் நிறுத்துதலையும் போடுங்கள். பஸ் தரிப்பிடத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்றும் யாராவது தெரிந்தவரிடம் கேட்டு எழுதுங்கள். கிண்ணியா நானா நாலாம் தடவை எழுத வருவார். அவருக்கு நான் சொல்ல முடியாமல் போன மறுமொழி அது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாலையூற்று, திருகோணமலை.